மாம்பழ மஞ்சள் சேலை

எய்யா,

செம்பூர்க் கடைத் திறப்பு விழாவுக்கு நீ அச்சடித்த அழைப்பிதழ் என் மேசைமேல் இருக்கிறது. நல்ல கெட்டி அட்டை, மூலையில் தங்க நிறத்தில் ஒரு குத்துவிளக்கு. ‘அம்மாவின் அன்பான சேவை, இனி செம்பூரிலும்’ என்று போட்டிருக்கிறாய். கூடவே போனில் ஒரு செய்தியும் வந்தது. வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டி முடித்ததும் கேமரா முன்னால் நின்று, கடைக்கு வருகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நான் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். இரண்டு நிமிடத்தில் எனக்குப் பேசத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். பஸ் போர்டு வாசிக்கிற வேகத்தில்தான் உனக்குத் தமிழ் வரும் என்பது தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி மெதுவாகவே வாசி. நீ அவசரத்தில் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இதை இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் வேண்டும் என்று கேட்டு மாதக்கணக்கில் என் பின்னால் அலைகிறார்கள். வீட்டு விஷயத்தை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். நீ ஊர் பார்க்கத்தானே காட்டினாய். உன் வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது மலரைப் புரட்டுவார்கள். தப்பு எங்கள் கடையுடையது, கடைக்கு வந்த அந்த அம்மாவுடையது எதுவுமில்லை என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று எழுதக் கை கூசுகிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நம் கடை எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மேட்சிங் சென்டர். சேலை விற்பதில்லை. நீங்கள் எங்கேயோ வாங்கிய சேலையைக் கொண்டுவந்தால், அதற்கு நிறம் பொருந்துகிற ரவிக்கைத் துணி, அதற்கு உள்ளே கொடுத்துத் தைக்கிற அஸ்தர், உள்பாவாடை, சேலையின் கீழ் ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஃபால், இவ்வளவுதான் எங்கள் வியாபாரம். கடை எட்டடி அகலம். ஆனால் பச்சையில் மட்டும் நாற்பத்திரண்டு ரோல் வைத்திருக்கிறேன். நிறம்தான் என் படிப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கொண்டுவந்த சேலையின் கரை என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். போன வருஷம் கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து, ‘அம்மைக்கு இப்பம் வயலெட்டும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியுது’ என்று நீ எல்லோரிடமும் கேலி பேசிக்கொண்டு திரிகிறாய். திரி. எனக்கு எல்லாம் தெரிகிறது.

நீ கேட்ட இரண்டு நிமிடப் பேச்சை இங்கேயே பேசிவிடுகிறேன். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், உன் அப்பாவின் தோல் பட்டறைச் சம்பளம் பத்தாமல், மாட்டுங்காவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இதே மேட்சிங் கடைதான், வேறு முதலாளி. தினமும் நடந்தே வந்து போவேன். ஒருநாள் சாயங்காலம், நல்ல மழை, மகள் கல்யாணத்துக்குக் கட்டப்போகிற பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். அரக்கு நிறம். நான் ஒரு துணியை எடுத்து மேலே போட்டேன். டியூப் லைட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. அது ஒட்டாது என்று எனக்குத் தெரியும். அந்த ரோலைக் காலையில் வாசலில் வைத்துப் பார்த்திருந்தேன். பகலில் அதில் ஒரு சாணிப் பழுப்பு அடிக்கும். ஆனால் கடை மூடுகிற நேரம், சரியான ரோல் மேல் தட்டில், ஏணி போட வேண்டும், எனக்குக் காலெல்லாம் வலி. ‘அருமையா இருக்கும்மா’ என்று சொல்லி வெட்டிக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் முடிந்து அவர் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. போட்டோ ஆல்பத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். எல்லாப் படத்திலும், மகள் பக்கத்தில், பொருந்தாத ரவிக்கையோடு நிற்கிறார். ‘ஒனக்குத் தெரியாமயா இருந்துச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் நீ பார்த்து வளர்ந்தது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் துணியையும் சேலையையும் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கச் சொல்வேன். மழையானால் குடை பிடித்துக்கொண்டு நானே கூடப் போவேன். துணியோடு யாராவது அப்படியே நடையைக் கட்டிவிட்டால் என்ன செய்வது என்று முதலாளி திட்டுவார். யாரும் கட்டவில்லை. நம் சொந்தக் கடை வந்த பிறகும் அதேதான். நம்மிடம் அந்த நிறம் இல்லையென்றால், எதிர்க்கடையில் மூன்றாவது தட்டில் இருக்கும் என்று சொல்லி அனுப்புவேன். நீ கல்லூரியில் படிக்கும்போது சனிக்கிழமைகளில் கடையில் உட்காருவாய். வந்தவர்களிடம் எவ்வளவு விலையில் வேண்டும் என்று முதலிலேயே கேட்பாய், நான் உன் காலை மிதிப்பேன். அவர்கள் பையிலிருந்து சேலையை எடுக்கும்வரை பொறு, சேலையே சொல்லும் என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு இதெல்லாம் நன்றாகவே வந்தது. என்னைவிட நீ இனிமையாகப் பேசுவாய். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் ஒன்றை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. அது சொல்லித் தர வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. துணியை வெளிச்சத்துக்குக் கொண்டு போகலாம். வந்தவர்கள் சொன்னதைக் கொண்டு போகக் கூடாது.

கடைக்கு வருகிறவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ ஆம்பளைப் பிள்ளை, நீ இருந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ரவிக்கைத் துணி வாங்க வருகிறவள் உடம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எத்தனை மீட்டர் வேண்டும் என்றாலே, பருத்ததா இளைத்ததா, மாசமா, கலைந்துவிட்டதா, எல்லாம் வந்துவிடும். கையை மூடுகிற மாதிரி நீளக் கை வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். முழங்கைக்குக் கீழே வருகிற அளவுக்குத் துணி வெட்டிக் கொடுப்பேன். அடுத்த தடவை அவள் குட்டைக் கைக்கு வெட்டச் சொன்னால், அன்றைக்கு எனக்குள்ளே ஒரு சந்தோஷம். அதையும் வெளியே காட்ட மாட்டேன். இதற்கெல்லாம் பில் கிடையாது. ஆனால் இதற்காகத்தான் அவர்கள் பஸ் ஏறி மான்குர்த்திலிருந்துகூட வருகிறார்கள்.

இனி அந்த அம்மா. மாமி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கடைத் தெருவில் நூறு மாமி உண்டு, அதனால் அப்படியே எழுதுகிறேன். பதினோரு வருஷமாக நம் கடைக்கு வந்தவர். அவருக்கு என்ன சிகிச்சை நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. ரவிக்கை முன்புபோலப் பொருந்தாது, வேறு மாதிரி தைக்க வேண்டும், இது போதும். ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். சேலையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ‘கொஞ்சம் கனமா, உள்ளே எதுவும் தெரியாத மாதிரி துணி இருக்குமா’ என்று கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல். நான் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். சாப்பாட்டு நேரம் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரட்டை அஸ்தர் வைத்து, ஒரு பக்கம் மட்டும் உள்ளே மூன்றாவது மடிப்பு கொடுத்தால் சரியாக வரும் என்று துணியை என் தோளிலேயே போட்டுக் காட்டினேன். கண்ணாடி முன்னால் அவரை நிற்கவிட்டு, நான் திரும்பி நின்று ரோல்களை அடுக்கினேன். அரை மணி நேரம். பேசியதெல்லாம் துணியைப் பற்றித்தான். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு எப்போது வந்தாலும் இரண்டு மணி, ஷட்டர் பாதி.

இப்போது என் தப்பு. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. செம்பூரில் கடை போடலாமா வேண்டாமா என்று நீ குழம்பிக்கொண்டிருந்த மாதம், சாப்பிடும்போது கேட்டாய், ‘எம்மா, எல்லாம் போன்லயே கெடைக்கி. பொறவு நம்ம கடைக்கு ஏன் வாராவ?’ எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற பிள்ளை என் தொழிலைப் பற்றிக் கேட்கிறானே என்று. மாமி வந்ததைச் சொன்னேன். பெயரையும் சொன்னேன், மூன்றாவது மடிப்பையும் சொன்னேன். நீ சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாய். உன் கண் கலங்கியது. என் பிள்ளைக்கு மனசு இருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். வாய் என்னுடையது, அதை நான்தான் திறந்தேன். ஆனால் உன்னிடம் சொன்னால் வீட்டுக்குள் சொன்னது என்று நினைத்தேன், எய்யா. அந்த நினைப்பைத்தான் நீ உடைத்தாய்.

ஒரு மாதம் கழித்து நீ போனோடு கடைக்கு வந்தாய். ‘கை மட்டும்தாம்மா. நீ சேலைய விரிக்கணும், மடிக்கணும், அவ்வளவுதான்’ என்றாய். அன்றைக்கு மாமியின் சேலை ஃபால் தைத்து முடித்து மேசைமேல் இருந்தது. மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூக் கரை. கைக்கு எட்டியது அதுதான். அதையே விரித்தேன், மடித்தேன். என் கை அழகாக விழுகிறது என்று நீ சொன்னாய், நானும் வளையலைச் சரிசெய்துகொண்டேன். அதற்குமேல் நீ என்ன பேசிச் சேர்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. பின்னணியில் ஒரு வயலினைப் போட்டு, ‘எங்கள் கடைக்கு ஒருநாள் ஒரு பெண் வந்தார்’ என்று உன் குரலில், ஹிந்தியில், முதலிலிருந்து கடைசிவரை, அந்த ஷட்டரையும் விடாமல் சொல்லியிருந்தாய். கடைசியில் செம்பூர்க் கடையின் விலாசம்.

நீ பெயர் சொல்லவில்லை. முகம் காட்டவில்லை. உனக்கு அது போதும் என்று தோன்றியிருக்கிறது. முப்பது வருஷமாக இந்தத் தொழில் போட்ட சோற்றைத் தின்றவன் நீ. மாட்டுங்காவில் பெண்கள் ஒருவரையொருவர் எதை வைத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? முகம் மறந்துபோகும். நவராத்திரிக்கு யார் என்ன சேலை கட்டி வந்தாள் என்பது மறக்காது. கோயில் வரிசையில், கச்சேரியில், கல்யாணப் பந்தியில், கரையைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டிருப்பார்கள். முகத்தை மறைத்துவிட்டுச் சேலையைக் காட்டினாய். வேறு எந்தக் கடைக்காரன் பிள்ளை செய்திருந்தாலும் தெரியாமல் செய்தான் என்பேன். மேட்சிங் கடைக்காரி மகன் நீ.

மாமி வந்தார். இரண்டு மணிக்கு இல்லை, காலை பதினொன்றுக்கு, கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போது. நான் ஷட்டரைப் பார்த்தேன். ‘வேண்டாம், திறந்தே இருக்கட்டும்’ என்றார். போனை என் பக்கம் திருப்பினார். சத்தமில்லாமல் என் கை மட்டும் அதில் ஓடியது.

‘இது என் புடவைதானே?’

‘ஆமா மாமி.’

‘காய்கறி வாங்கறச்சே ஒருத்தி கையைப் பிடிச்சுண்டு இப்ப எப்படி இருக்கேள்னு கேக்கறா. யாருன்னே எனக்குத் தெரியலை. நீங்களா சொன்னேள்?’

‘நான்தான் மாமி. எம் மகன்கிட்ட.’

அவர் போனைப் பைக்குள் வைத்தார். ‘என் பொண்ணுகிட்டகூட நான் சொல்லலை’ என்றார். ‘வெளியூர்ல தனியா இருக்கா, பயந்துடுவான்னு. இப்போ அவளும் பாத்துட்டா. புடவை அவ வாங்கிக் கொடுத்தது.’ அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். படியிறங்கிப் போய்விட்டார். கடையில் நின்றவர்களில் ஒருத்தி தன் சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிறகு வருகிறேன் என்று போனாள். அவளும் இன்னும் வரவில்லை.

உனக்குப் போன் செய்தேன். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை. ‘பேரு சொல்லலயேம்மா. எல்லாரும் அழுதுட்டாங்க, கமெண்டப் பாரு. நல்லதாத்தான சொல்லிருக்கேன்.’ அதை எடுத்துவிடு என்றேன். ‘டென்ஷன் மத் லோ, மா, பதறாத. தெறப்பு விழா வரைக்கும் கெடக்கட்டும். இப்பத்தான் ஓடுது’ என்றாய். அந்த இடத்தில்தான், எய்யா, எனக்கு ஏதோ அறுந்துபோனது. வீடியோ போட்டது அறியாமை என்று நான் உனக்காக என்னோடேயே வாதாடி முடித்திருந்தேன். தெரிந்த பிறகும் இரண்டு நாள் வைத்திருந்தாயே, அதற்கு நான் என்ன சொல்லி வாதாட? மூன்றாம் நாள் உன் அப்பா உன்னோடு பேசிய பிறகு எடுத்தாய். எடுத்துவிட்டு எனக்கு ஒரு செய்தி: ‘மாமிக்கு நல்ல பட்டு ஒண்ணு குடுத்துருவோம்மா, சரியாயிரும்.’ அதை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அளவு தப்பிய பாவாடையை மாற்றிக் கொடுக்கிற மாதிரி நீ இதையும் நினைத்திருக்கிறாய்.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்காதே. நீ அந்த வாசலில் நின்றால், எந்த மாமி என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். பூ அனுப்பாதே, பட்டு அனுப்பாதே. மன்னிப்புக் கேட்காமல் இருப்பது கஷ்டம். உனக்கு விதித்திருப்பது அந்தக் கஷ்டம்தான், எனக்கும் அதுதான். கூப்பிட்டு அழ வேண்டும்போல இருக்கும்போதெல்லாம் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் வந்தால் வரட்டும். வராவிட்டால் அது அவர் உரிமை.

வெள்ளிக்கிழமை உன் அப்பா வருவார். குத்துவிளக்கும் அவர் கையில் வரும், எண்ணெய் திரியெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். நான் வரமாட்டேன். உன் கடை நன்றாக நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் அட்டையில் என் சேவை என்று போட்டிருப்பதை எடுத்துவிடு. உன்னுடையதை நீ உண்டாக்கிக்கொள். அன்றைக்கு இரண்டு மணிக்கு நான் இங்கே இருக்க வேண்டும். மாமி போனதிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். நீ ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்வதாக ஆகிவிடாதா? சேலையைப் பற்றி எழுதிய இடத்தில் நீ சிரித்திருப்பாய். அம்மைக்கு வயசாகிவிட்டது, நிறம் குழம்புகிறது, அந்தச் சேலையைப் போய் மாம்பழ மஞ்சள் என்கிறாளே என்று. மேட்சிங் கடைக்காரி நிறம் மறக்க மாட்டாள். சேலையின் நிறத்தைப் போலவே, மாமி வந்து போன வருஷக் கணக்கையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது உன்னிடம் வருவார்கள். கரை கத்திரிப்பூவா, பார்த்த ஞாபகம் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்பார்கள். உனக்குச் சரியான நிறம் தெரியும்.

அம்மா எழுதியிருப்பதுதான் சரி என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
அம்மா